குனிந்து வந்த தந்தி

"இதென்ன நானா, கைபிடியை ஆரோ ஏறி மிதிச்சு வளைச்சு விட்டமாதிரிக் கிடக்கு?"

யோகலிங்கம் அந்தச் சிவப்பு மோட்டார்சைக்கிளை மூன்றாவது தடவையாகச் சுற்றி வந்தான். யப்பான் சாமான்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய எண்பதாம் ஆண்டு அது. முல்லைத்தீவில் நஜீம் நானாவின் கடை வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று பச்சை, சின்ன வண்டி. கதிரையில் இருப்பதுபோல நிமிர்ந்து இருந்து ஓடலாம், மடியில் ஒரு பூசணிக்காயைக்கூட வைத்துக்கொள்ளலாம். மற்றது இந்தச் சிவப்பு.

"மிதிச்சு வளைச்சதில்லைத் தம்பி. இது ரேஸ் ஓடுற சாமான். குனிஞ்சு, படுத்த மாதிரி இருந்து ஓடோணும். காத்து முதுகுக்கு மேலால போகும்."

"காத்து ஏன் நானா முதுகுக்கு மேலால போகோணும்?"

"அதை யப்பான்காரனைத்தான் கேக்கோணும். நீ முந்தி மோட்டச்சைக்கிள் ஓடியிருக்கிறியோ?"

"இல்லை."

"அப்ப பச்சையை எடு."

புத்தியுள்ள எவனும் பச்சையைத்தான் எடுத்திருப்பான். ஆனால் யோகலிங்கத்துக்குப் புத்தியைவிட விடுப்பு அதிகம். எதைக் கண்டாலும் அது என்ன, ஏன், எப்படி என்று துருவிப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. காற்று முதுகுக்கு மேலால் எப்படிப் போகும் என்பதை அறியாமல் இனி எத்தனை வருடம் உயிர் வாழ்வது?

"நான் தந்தி கொண்டு போறவன் நானா. தந்தியெண்டால் அவசரம். எனக்கு இதுதான் தோது" என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டு, சிவப்பை எடுத்தான்.

நாவலடிக்குளம் தபால் கந்தோரில் யோகலிங்கம்தான் தந்திச் சேவகன். ஆறு வருடமாகக் கந்தோர்ச் சைக்கிளை மிதித்து மிதித்துக் களைத்தவன். மோட்டார்சைக்கிளில் முதல் தந்தியோடு புறப்பட்ட அன்று அவனுக்கு நிலம் தெரியவில்லை. காற்று மெய்யாகவே முதுகுக்கு மேலால் போயிற்று.

கமலேஸ்வரி அக்கா வேலியடியில் நின்றவர். அவருடைய மகன் சவூதிக்குப் போய் ஒன்பது நாள். சத்தம் கேட்டு ரோட்டைப் பார்த்தார். தந்திக்காரன் தலையைக் குனிந்தபடி, முகத்தைக் காட்டாமல், பறந்து வந்துகொண்டிருந்தான்.

"ஐயோ, என்ர பிள்ளை!" என்று விழுந்தவர்தான். முகத்தில் மூன்று செம்பு தண்ணீர் ஊற்றிய பிறகு கண் திறந்தார். தந்தியில், பத்திரமாக வந்து சேர்ந்ததாக மகன் அறிவித்திருந்தான்.

"கடிதம் எண்டால் சுகம், தந்தியெண்டால் சாவு. இதுதான் இந்த ஊர்க் கணக்கு" என்றார் தபால் அதிபர் வீரகத்தியர். "அதில நீர் வேற செத்தவீட்டுக்கு வாறவன் மாதிரித் தலையைக் குனிஞ்சு கொண்டு போறீர்."

"வண்டி அப்பிடி ஐயா. குனியாட்டில் கை எட்டாது."

"கை எட்டட்டும் எட்டாமல் போகட்டும். முகத்தைச் சிரிச்சமாதிரி வையும்."

யோகலிங்கம் அதையும் செய்தான். உடம்பைக் குனிந்து, கழுத்தை மட்டும் ஆமைபோல மேலே நீட்டி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தபடி பழனியாண்டியின் தோட்டத்துக்குப் போனான். பழனியாண்டி மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருப்பவர். தந்தியை யோகலிங்கமே வாசித்துக் காட்டினான். அட்டனில் அவருடைய அண்ணனுக்குக் கடுமையான சுகவீனம், உடனே வரட்டாம்.

பழனியாண்டி அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்க, எங்கண்ணன் படுத்த படுக்கையா கெடக்குறதுல ஒங்களுக்கு என்னாங்க அம்புட்டுச் சந்தோசம்?"

யோகலிங்கம் சிரிப்பை நிறுத்தப் பார்த்தான். ஆறு மைல் காற்றில் இறுகிப்போன வாய் உடனே மூடவில்லை. அடுத்த நாள் காலை முதலாவது முறைப்பாடு கந்தோருக்கு வந்தது.

சரி, சத்தமும் வேண்டாம் சிரிப்பும் வேண்டாம் என்று தீர்மானித்தான். மூன்றாவது தந்தியன்று குளக்கட்டிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். பாரமான வண்டி, மூச்சு வாங்கியது, தலை தானாகத் தொங்கியது. முதல் வீட்டுக்காரர் பார்த்தார். தந்திக்காரனே ஓட மனமில்லாமல் நடக்கிறான் என்றால் எவ்வளவு பெரிய சாவாக இருக்கும்? சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். அடுத்த வீட்டுக்காரரும் நடந்தார். கேட்க ஆசைதான், ஆனால் இந்த நேரத்தில் எப்படிக் கேட்பது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. தந்திக்குரிய அருந்ததியின் வீட்டு வேலிப் படலையில் யோகலிங்கம் திரும்பிப் பார்த்தபோது நாற்பது பேர் நின்றார்கள்.

கூட்டத்தைக் கண்டதும் வீட்டுக்குள் ஒப்பாரி தொடங்கிவிட்டது. அருந்ததிக்கு ஆசிரியை நியமனம் கிடைத்திருக்கிறது என்று அவன் கத்திய கத்தல் ஒருவர் காதிலும் விழவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அருந்ததியின் தகப்பன் இரண்டாவது முறைப்பாட்டை எழுதினார், இரண்டு பக்கத்துக்கு.

வீரகத்தியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "யோகலிங்கம், இன்னும் ஒரேயொரு முறைப்பாடு வந்துதெண்டால் உந்தச் சிவப்பு வண்டியில நீர் தந்தி கொண்டு போகேலாது. கந்தோர்ச் சைக்கிள் மூலையில நிக்குது. அதிலதான் போகோணும். விளங்குதோ?"

"விளங்குது ஐயா."

விளங்கியது, ஆனால் மனம் ஒப்பவில்லை. இரண்டு வாரத்துக்குள் அந்த வண்டிமேல் அவனுக்கு அப்படி ஒரு பாசம் வந்துவிட்டது. பின்னேரங்களில் அதைத் துடைக்கும்போது தன் வாழ்க்கையில் தானாக விரும்பி எடுத்தது இது ஒன்றுதான் என்று நினைப்பான். இதை வீட்டில் பூட்டிவிட்டுப் பழையபடி சைக்கிள் மிதிப்பதா?

இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். விடிந்ததும் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்ற சனத்துக்கு அறிவித்தான்.

"எல்லாரும் கேளுங்கோ! இனி நல்ல செய்தியெண்டால் நான் ரோட்டிலயே ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வருவன். கெட்டதெண்டால் அடிக்கமாட்டன். நான் குனியிறதைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ, ஹோர்னைக் கேளுங்கோ!"

"நல்லதோ கெட்டதோ எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஒருவர் கேட்டார்.

"தந்தியை உறையில போட்டு ஒட்டுறதுக்கு முந்தி ஐயா சொல்லுவார்."

வீரகத்தியர் முதலில் மறுத்தார். பிறகு, உள்ளே எழுதியிருப்பதைச் சொல்லமாட்டேன், நல்லது கெட்டது மட்டும் சொல்லுவேன் என்று இறங்கி வந்தார். அவருக்கும் அந்த ஏற்பாடு வேலை செய்யுமா என்று பார்க்க ஓர் ஆசை.

வேலை செய்தது. ஹோர்ன் கேட்டால் சனம் ஓடி வந்து மறிக்கும். "ஆற்ற வீட்டுக்கு? என்னவாம்?" என்று ஊரே கேட்கும். பிள்ளை பிறந்த வீட்டில் கற்கண்டு கொடுத்தார்கள். கமலேஸ்வரி அக்கா கூப்பிட்டு மோதகம் கொடுத்தார். மூன்று வாரம் ஒரு முறைப்பாடும் இல்லை. யோகலிங்கம் வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தான்.

மாரி தொடங்கியது.

அன்று வீரகத்தியர் ஒட்டிய தந்தியை நீட்டினார். "தங்கராசாவுக்கு. கெட்டது. ஹோர்னில கை வைச்சிடாதையும்."

"இல்லை ஐயா."

தங்கராசா குளத்துக்கு அந்தப்பக்கம் வயல் செய்பவர். யோகலிங்கம் கையைக் கவனமாக வைத்து, மழையில் நனைந்து, குனிந்து போனான். தங்கராசாவின் வேலி தெரியும் இடத்தில் மதகடியில் ஒரு பள்ளம். முன் சில்லு அதற்குள் விழுந்து எழும்பியது.

ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது.

அவன் கையை எடுத்தான். அடித்தது. எஞ்சினை நிறுத்தினான். அப்போதும் அடித்தது. தட்டினான், குத்தினான், கையால் பொத்தினான். மழைத்தண்ணீர் குடித்த ஹோர்ன், கலியாண வீட்டு நாதஸ்வரக்காரன் மாதிரி மூச்சு விடாமல் அடித்தது.

"தங்கராசா அண்ணைக்கு நல்ல செய்தி!" என்று பக்கத்து வேலியில் குரல் கேட்டது. வீடுகளிலிருந்து சனம் ஓடி வந்தது. யாரோ தீபாவளியில் மிஞ்சிய வெடிக்கட்டைக் கொளுத்திவிட்டார்கள். தங்கராசா வாயெல்லாம் பல்லாகப் படலைக்கு வந்தார். அவருடைய மனைவி வீரம்மா, "தம்பிக்குத் தேத்தண்ணி வைக்கிறன்" என்று குசினிக்கு ஓடினார்.

யோகலிங்கம் கடைசியில் வயரைக் கண்டுபிடித்துப் பிடுங்கி எறிந்தான்.

"வாரும், வாரும்! மகள் எழுதின சோதினையின்ர முடிவோ?" என்றார் தங்கராசா.

"அண்ணை... ஹோர்ன் பழுது. தானா அடிச்சுப்போட்டுது. செய்தி நல்லதில்லை அண்ணை."

சனம் சிரிப்பை விழுங்கியது. ஆனால் கொளுத்திய வெடியை யாரால் நிறுத்த முடியும்? மிச்சம் அத்தனையும் வெடித்துத்தான் ஓய்ந்தன.

"வாசியும்" என்றார் தங்கராசா.

யோகலிங்கம் தந்தியைப் பிரித்தான். "ராஜரத்தினம் காலமானார். நாளை தகனம். உடனே வரவும். வவுனியாவிலயிருந்து வந்திருக்கு."

"அண்ணையோ? வவுனியா அண்ணையோ?"

"ஓம் போல."

"காணி வழக்குப் போட்ட அண்ணையோ?"

தங்கராசா தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. "பதினெட்டு வருசம்... மாசத்தில ஒருக்கா என்னைக் கோட்டுக்குக் கூப்பிடாமல் இருக்கமாட்டார். இனிக் கூப்பிடுவாரோ? இனி அந்தக் குரலைக் கேப்பனோ?"

கூடப்பிறந்த பாசம் என்பது இதுதான் என்று யோகலிங்கத்துக்கே கண் கலங்கியது. அந்த மனிதனுடைய படலையில் வெடி கொளுத்தவைத்த பாவி தான்தான். சிவப்பு வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். எல்லாம் முடிந்தது.

"அண்ணை, முறைப்பாடு எழுதுறதெண்டால் எழுதுங்கோ. நான் மறுக்கமாட்டன். நாளையிலயிருந்து சைக்கிள்லயே வாறன்."

தங்கராசா துவாயை எடுக்கவில்லை. சனம் ஒவ்வொருவராகக் கலைந்தது. குசினியிலிருந்து வீரம்மா ஒரு பெரிய கோப்பையோடு வந்தார். ஒருவரும் பக்கத்தில் இல்லையென்று பார்த்துக்கொண்டு, அவன் கையில் தேத்தண்ணீரை வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சீனி கூடப் போட்டிருக்கிறன், குடியுங்கோ தம்பி. உங்கட ஹோர்னில ஒரு பழுதுமில்லை. அது சரியாத்தான் அடிச்சது."