சார்ஜ் தீர்ந்தது குறித்து ஒரு விளக்கம்

அனுப்புநர்: அ. ஜேசுராஜ், அலுவலகக் கண்காணிப்பாளர் (ஓய்வு), ஆரப்பாளையம், மதுரை.

பெறுநர்: மாப்பிள்ளை ஜோ, எலக்ட்ரீசியன், ஷார்ஜா.

பொருள்: உன் அக்கா சகாயமேரி இறந்த அன்று, நீ பேசிக்கொண்டிருக்கும்போதே அவளது கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோனது – காரணம் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் நீ வாய்மொழியாகக் கேட்ட கேள்வி.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே என் சுகர், பிரஷர் இரண்டும் போன மாதம் பார்த்தபோது எங்கே இருந்தனவோ அங்கேயே இருக்கின்றன. நீயும் உன் வீட்டாரும் பிள்ளைகளும் அந்தப் பாலைவன வெயிலில் வாடாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

பார்வையில் கண்ட கேள்விக்குப் பதினோரு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். முப்பத்து நான்கு வருடம் மிஷன் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தவன், எந்தத் தபாலையும் மூன்று நாளுக்கு மேல் மேசையில் வைத்திருந்ததில்லை. தாமதத்துக்குக் காரணம், இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று நான் முயன்றதுதான். உன் நம்பருக்கு அடித்தால் ஒரு மணி அடித்து நின்றுவிடும். பாவம், மாப்பிள்ளை போனிலும் சார்ஜ் நிற்கவில்லை, நம் குடும்பத்துக்கே இது ராசி போலிருக்கிறது என்று ஆறு மாதம் உனக்காக இரக்கப்பட்டேன். மாடியில் குடியிருக்கும் ரம்யாஸ்ரீ, பேங்கில் வேலை பார்க்கிற சௌராஷ்டிரப் பெண், அதுதான் ஒருநாள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “அங்கிள், அவங்க உங்கள பிளாக் பண்ணிருக்காங்க” என்றது. சொல்லிவிட்டு, ஏதோ அதுவே செய்த தப்பு மாதிரி தலையைக் குனிந்துகொண்டது. “இல்லம்மா, அவனுக்கு வேல ஜாஸ்தி” என்று சொல்லி அனுப்பினேன். ஆகவே கடிதம்.

நீ என்ன கேட்டாய் என்பது உனக்கே மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. சாமியார் ஜெபத்தை முடித்து, எல்லோரும் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றபோது, “பேசிட்டே இருக்கும்போது கட்டாகுது. கடைசியா அக்கா மொகத்தப் பாக்க விடாமப் பண்ணிட்டீங்களே மச்சான். ஒரு போனுக்குச் சார்ஜ் போட்டு வைக்கத் துப்பில்லையா?” என்றாய். சொந்தக்காரர் அம்புட்டுப் பேரும் கேட்டார்கள். குழி வெட்டியவர்கூட மண்வெட்டியைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. நீயோ எலக்ட்ரீசியன். உனக்குக் கரண்டைப் பற்றி நான் விளக்குவது கொல்லர் தெருவில் ஊசி விற்கிற கதை. இருந்தாலும் நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அந்தப் போனை நீதான் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தாய். விலை உயர்ந்த போன், குறை சொல்லவில்லை. ஆனால் அதனுடன் வந்த சார்ஜருக்குக் கால்கள் மூன்று, மூன்றும் பட்டை. நம் வீட்டுச் சுவரில் இருப்பது எல்லாம் உருண்டை ஓட்டை. நீ விமானம் ஏறிய மறுநாள்தான் இதைக் கவனித்தோம். நான் பென்சிலால் நெம்பிப் பார்த்தேன், சுவிட்சுப் பெட்டியின் மூடி என் கையோடு வந்துவிட்டது. உன் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? “என் தம்பி குடுத்த சார்ஜரு நல்லதுதாங்க. நம்ம செவருதான் சரியில்ல.” சுவரை மாற்ற முடியாததால் காளவாசலுக்குப் போய் அருள்பாண்டி கடையில் வேறு சார்ஜர் வாங்கினேன். அது போட்டால் சுடும். தோசைக்கல் மாதிரி சுடுகிறதே என்று அதைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கினேன். அது சுடவில்லை, ஏறவும் இல்லை.

இப்படி வயரைச் செருகி உருவி, செருகி உருவி, ஒரு வருடத்தில் போனின் ஓட்டை லொடலொடத்துப் போயிற்று. அதன்பிறகு சார்ஜ் ஏறுவதற்கு ஒரு கோணம் வந்துவிட்டது. வயரைக் கொஞ்சம் மேலே தூக்கி, இடப்பக்கம் சாய்த்து, அடியில் தீப்பெட்டியை முட்டுக்கொடுத்து, போனின் தலைமாட்டில் ஜெபப் புத்தகத்தை வைக்க வேண்டும். உன் அக்கா வைத்தால் ஏறும். நான் வைத்தால் ஏறாது. அதே தீப்பெட்டி, அதே புத்தகம், ஏறாது. அவளுக்கு நோய் முற்றி எழுந்திருக்க முடியாமல் போன பிறகு, கட்டிலில் படுத்துக்கொண்டே, “இன்னும் கொஞ்சம் மேல... அம்புட்டுத் தூக்காதீங்க... ஆங், அப்படியே... மூச்சு விடாதீங்க” என்று சொல்லிக்கொடுப்பாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவள் அவள், அடக்கிக்கொண்டு நின்றவன் நான்.

அருள்பாண்டியிடம் போனைக் கொண்டுபோனேன். அவர் குண்டூசியால் ஓட்டையைக் கிண்டி, ஒரு திரி பஞ்சும் ஒரு அரிசிக் குருணையும் எடுத்துக் காட்டினார். “சார், போன்ல ஒண்ணுமில்ல, வயருதான் கோளாறு” என்று வயர் கொடுத்தார். நான்கு நாளில் திரும்பிப் போனால், “வயருல ஒண்ணுமில்ல சார், உள்ளுக்குள்ள போர்டு போயிருக்கு. போன விட்டுட்டுப் போங்க, மூணு நாளாகும்” என்றார். மாப்ள, அந்த நேரத்தில் மூன்று நாள் என்பது எம்புட்டுப் பெரிய காலம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? டாக்டர் எங்களிடம் வாரக் கணக்கில்கூடப் பேசுவதை நிறுத்தியிருந்தார். தினமும் நீ வீடியோவில் கூப்பிடுவது உன் டீ நேரத்தில். உனக்குப் பதினொன்றரை மணி, எங்களுக்கு மதியம் ஒரு மணி. பன்னிரண்டு மணிக்கே உன் அக்கா தலை வாரச் சொல்லிவிடுவாள். வாருவதற்கு முடியே இல்லை, ஆனாலும் சீப்பை வைத்து நான் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். அந்த ஒரு மணிக்காகத்தான் அவள் கஞ்சி குடித்தாள், மாத்திரை விழுங்கினாள். மூன்று நாளைக்குப் போனைக் கொடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு வீட்டுக்கு வர? “வேணாம்ணே, அப்படியே குடுங்க” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் பாட்டைப் பார்த்துத்தான் ரம்யாஸ்ரீ ஒருநாள் ஒரு வட்டத் தட்டைக் கொண்டுவந்து வைத்தது. “அங்கிள், இது வயர்லெஸ்ல ஏறுற போனு. வயரே வேணாம். இதுமேல வச்சாப் போதும்.” இம்புட்டு நாள் இது தெரியாமல் தீப்பெட்டியோடு மல்லுக்கட்டினோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனைத் தட்டில் வைத்தேன், ஏறவில்லை. அந்தப் பெண் சிரித்துவிட்டு, தட்டின் பின்னால் இருந்து ஒரு வயரை எடுத்துச் சுவரில் செருகியது. “வயரே இல்லைன்னு சொன்னியேம்மா?” என்றேன். “போனுக்குத்தான் அங்கிள் வயர் இல்ல. தட்டுக்கு இருக்கு.” கட்டிலில் கிடந்தவள் அதைக் கேட்டுச் சிரித்தாள் பார், இருமல் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அப்படியும் நிறுத்தாமல் சிரித்தாள். “இவருகிட்டப் போயி வெளக்குற பாரு” என்றாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுவே கடைசி. அந்த வகையில் வயரில்லாத சார்ஜருக்கு நான் கடன்பட்டவன்.

ஆனால் வயரைச் செருகிய பிறகும் ஏறவில்லை. போன் சூடாகி, ஏதோ தடை இருக்கிறது என்று எழுத்துக் காட்டியது. கவரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வேளாங்கண்ணி மாதா சுரூபம் பதித்த பதக்கம். உன் அக்கா எப்போது வைத்தாளோ. “ஆன்ட்டி, நடுவுல இரும்பு தகரம் எதுவும் இருக்கக் கூடாது, இத எடுத்துருவோமா?” என்று அந்தப் பெண் பக்குவமாகத்தான் கேட்டது. “மாதா இருந்தா ஏறாதாமா? அப்படி ஒரு கரண்டு எனக்கு வேணாம்” என்று உன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதனால் அவள் கண் அசந்ததும் பதக்கத்தை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, போனைத் தட்டில் வைப்பேன். அவள் விழிப்பதற்குள் பழையபடி உள்ளே வைத்துவிடுவேன். திருடன் மாதிரி ஒரு மாதம் இதைச் செய்தேன். ஒருநாள் கண்ணை மூடியபடியே, “மாதாவ பத்திரமா வையுங்க, பை ஓட்டையா இருக்கு” என்றாள்.

வயர் நல்லதா, வயரில்லாதது நல்லதா என்று என்னைக் கேட்டால், மாப்ள, ஒவ்வொன்றிலும் ஒரு தொந்தரவு. வயரில் போட்டால் ஏறும்போதே பேசலாம், ஆனால் கோணம் தவறினால் போச்சு. தட்டில் வைத்தால் முட்டுக்கொடுக்க வேண்டாம், ஆனால் பேசுவதற்குத் தூக்கினால் ஏறுவது நின்றுவிடும். அதிலும் நட்டநடுவில் வைக்க வேண்டும், ஒரு விரல் தள்ளினாலும் ஏறாது. இந்த ஒரு விரல்தான் நம்மை அன்றைக்குக் கெடுத்தது. ஆகஸ்டு ஒன்பதாம் தேதி காலையில் தட்டில் வைத்தேன். மேசையைத் துடைக்கும்போது போன் ஒரு விரல் நகர்ந்திருக்கிறது. தட்டில் பச்சை விளக்கு எரிந்ததால் ஏறுகிறது என்றே நினைத்தேன். அந்த விளக்கு தட்டுக்குக் கரண்டு வருகிறது என்பதற்குத்தானாம், போனுக்குப் போகிறது என்பதற்கு இல்லையாம். ஒரு மணிக்கு நீ கூப்பிட்டாய். “அக்கா, லீவு குடுத்துட்டாங்கக்கா, செவ்வாக்கெழம வாரேன், அதுவரைக்கும் இரு” என்று நீ சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போனது. நான் வயரைத் தேடி, தீப்பெட்டியைத் தேடி, புத்தகத்தை வைத்து, போனுக்கு மறுபடி உயிர் வந்து உன் நம்பரை அழுத்தியபோது, இங்கே சொல்வதற்கு வேறு சேதியாகிவிட்டது. இதுவே நடந்தது. அலட்சியம் என்று நீ எழுதினால் ஒப்புக்கொள்கிறேன். வேண்டுமென்று செய்தது என்று மட்டும் நினைத்துவிடாதே.

வருகிற ஆகஸ்டு ஒன்பதாம் தேதி காலை ஆறு மணிப் பூசை அவளுக்காக. ஓராண்டு. சாமியாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் கல்யாணத்தின்போது உனக்கு ஒன்பது வயது. தாயில்லாத பிள்ளை என்று அவள் உன்னையும் இடுப்பில் தூக்காத குறையாக இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று யாராவது சொன்னால், “ஏன், ஜோ இல்லையா?” என்பாள். பூசைக்கு நீ வர வேண்டும். மச்சானிடம் பேச வேண்டாம், கல்லறைக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போ. போதும்.

பிள்ளைகளுக்கு நெற்றியில் ஒரு சிலுவை போட்டுவிடு, மாமா போட்டதாக இருக்கட்டும். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். ஆண்டவர் உன் கையையும் நீ தொடுகிற வயரையும் காப்பாராக.

இங்ஙனம்,
உன் மச்சான்,
அ. ஜேசுராஜ்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு, ஒட்டுவதற்கு முன் எடுத்துவிட்டேன். அன்று சார்ஜ் தீரவில்லை, மாப்ள. அறுபத்திரண்டு சதவீதம் இருந்தது. ஒரு விரல் நகர்ந்தது, பச்சை விளக்கு எல்லாம் உண்மைதான், ஆனால் அவை அதற்கு முந்தின வாரம் நடந்தவை. அன்றைக்குச் சரியாகத்தான் வைத்திருந்தேன். நான்தான் அணைத்தேன். அவளுக்கு மூச்சு மாறிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ பேசிக்கொண்டே இருந்தாய், அவள் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை ஒரு தடவை பார்க்க மாட்டாளா என்று இருந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் அவள் ஒரு தடவையாவது உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்க்கட்டும் என்று நினைத்த அந்த நொடியில் கை அழுத்திவிட்டது. அவள் பார்த்தாள். பார்த்து, “தம்பி எங்க?” என்றாள். “சார்ஜ் போச்சு” என்றேன். “வேற வயரப் போடுங்க” என்றாள். அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இதைக் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீ வந்தால், வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, தெருவில் வைத்தே என்னைக் கேள். உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுத்தால் நான் மறுபடியும் உன்னிடம் சார்ஜரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன்.