மூன்று கிலோ தசை

மனிதர்களைப் பார்க்காமலே மனிதர்களைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்திருக்கும் ஓர் இனம் உண்டு. அளவுகாரர் இனம். நீங்கள் இருமினால் எத்தனை தடவை என்பார். அழுதால் எத்தனை மில்லி என்பார். எங்கும் காணக் கிடைக்கிற இனம்தான். ஆனால் முற்றி விளைந்த மாதிரி ஒன்றை நான் பார்த்தது ஆஸ்பத்திரியில், ஹார்மோன் பிரிவில்.

அக்காவுக்குத் துணையாகப் போயிருந்தேன். மூளைக்கு அடியில் பயறளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் வந்த கட்டியை எடுத்ததும் வளர்ச்சி ஹார்மோன் நின்றுவிட்டது. “நாற்பது வயசுக்கு மேல வளர்ந்து என்ன பண்ணப் போறா?” என்று நானும் கேட்டுத் தொலைத்தேன். அது இல்லாவிட்டால் பெரியவர்களுக்கும் உடம்பில் தண்ணீர் குறையும், தசை கரையும், கொழுப்பு ஏறும் என்றார்கள். அதற்காகத் தினம் ஓர் ஊசி. ஊசி வேலை செய்கிறதா என்று அளந்து சொல்லத்தான் நம் அளவுகாரர். அக்காவோ தையல்காரி. அவள் விரல் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

அளப்பதென்றால் லேசா? நான்கு மணி நேரம் பட்டினி, பத்து நிமிடம் மல்லாந்து படுக்கை, கை விலாவில் படக்கூடாது, தொடையும் தொடையும் உரசக்கூடாது, கையிலும் காலிலும் ஒட்டுப்பட்டை, அதன் வழியே உறைக்காத அளவுக்குக் கொஞ்சம் மின்சாரம். மூச்சு விடலாம். அதையும் அவர் அவ்வளவாக ரசிப்பதில்லை.

“மோதிரத்தைக் கழற்றுங்கம்மா.”

“வரமாட்டேங்குது சார். பத்து நாளா விரல் வீங்கிக் கிடக்கு.”

“உலோகம் இருந்தா அளவு கெட்டுடும்மா! சோப்பு போட்டு இழுங்க.”

அங்கே உதவிக்கு நின்ற நர்ஸம்மாவும் நானும் சோப்பு போட்டு இழுத்தோம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். மோதிரம் ஒருவழியாக வந்தது. விரல் ஏன் வீங்கியது என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டால் அவர் எப்படி அளவுகாரர்?

இயந்திரம் எண்களைக் கக்கியதும் மனிதர் துள்ளினார். “சபாஷ்! ஆறே வாரத்துல மூணு கிலோ தசை!”

“தசைன்னா ஏன் சார் கை மரத்துப் போகுது? நூல் கோக்க முடியல. வாங்கி வெச்ச துணியெல்லாம் அப்படியே கிடக்கு.”

அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். “மரத்துப் போறதுக்கு இதுல கட்டமே இல்லையேம்மா.”

நர்ஸம்மா அக்காவின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விழுந்த பள்ளம் மேலே வரவே இல்லை. “சார், இது தசை இல்ல, தண்ணி.”

“ஐயோ, அமுக்காதீங்க! இன்னொரு தடவை அளக்கணும்!”

அந்த இயந்திரம் கணிப்பது தண்ணீரைத்தான். இவ்வளவு தண்ணீர் இருந்தால் இவ்வளவு தசை இருக்கும் என்று அதுவாக ஒரு முடிவுக்கு வந்துவிடும். வீக்கத்தில் தேங்கிய நீரும் அதன் கணக்கில் தசைதான். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எச்சரிக்கை என்று தலைப்புப் போட்டு சுவரில் ஒட்டியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

“கோடு நல்லா ஏறுது. மருந்தைக் கூட்டிடலாம்” என்று எழுதத் தொடங்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஒட்டுப்பட்டையை அவர் வாயில் ஒட்டியிருப்பேன். நர்ஸம்மா முந்திக்கொண்டார். சீட்டோடு அக்காவையும் கையைப் பிடித்துப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் கையைப் பார்த்தார், காலைத் தொட்டார், மருந்தைப் பாதியாகக் குறைத்தார். மூன்றே வாரத்தில் வீக்கம் வடிந்தது. அக்கா முதல் தடவையிலேயே நூல் கோத்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த அளவுக்குப் போனோம். அளவுகாரர் திரையைப் பார்த்தார், துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்: “ரெண்டரை கிலோ தசை போயிடுச்சேம்மா! சரியா சாப்பிடறதில்லையா?”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் “உடம்புக்கு என்னவோ பண்ணுது” என்றாரே, நீங்கள் என்ன செய்தீர்கள்? தெர்மாமீட்டரைத் தேடினீர்கள். ஒரு நிமிடம் வைத்து எடுத்தீர்கள். “நார்மல்தான், ஒண்ணுமில்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

அவர் இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. போய்ப் பாருங்கள்.