தலையாட்டும் மெஷின்

"டடக்... டடக்... டடக்..."

பட்டறைச் சுவர் அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் குதித்து உயிரை விட்டது.

"இன்னுமா ஆடுது?" உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஆடல. சூடாகுது," என்றார் டாக்டர்.

இவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வீட்டின் முன் அறையில் சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவர். யார் வீட்டு மோட்டார் படுத்தாலும் எழுப்பி உட்கார வைத்துவிடுவார் என்பதால் தெரு கொடுத்த பட்டம் அது. சொந்த வீட்டு நோயாளிகள்தான் பாவம், முறை வராமல் காத்துக் கிடந்தார்கள். சொட்டுகிற குழாய், மூடாத பீரோ, கால் ஆடுகிற நாற்காலி. மனைவி ஞாபகப்படுத்தும் போதெல்லாம், "நாளைக்குப் பாத்துடலாம்" என்பார்.

அந்த நாற்காலிதான் போன தடவை வந்த மச்சானைத் தரையில் உருட்டியது. மனைவியின் தம்பி. கேட் செய்யும் கம்பெனிக்கு முதலாளி, உடம்பும் முதலாளிக்கு ஏற்ற உடம்பு. மூன்று பேர் சேர்ந்து தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

இன்று அதே மச்சான் வருகிறார். தன் கம்பெனிக் கேட்டுகளுக்கெல்லாம் கீல் தகட்டில் துளை போடும் வேலையை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய. போனிலேயே சொல்லிவிட்டார்.

"வேலை சுத்தமா இருந்தா ஆர்டர் உங்களுக்கு மாமா. இல்லைன்னா பட்டறையைப் பூட்டிட்டு என் கம்பெனிக்கே வந்துடுங்க. ஸ்டோர் ரூம்ல ஃபேன் இருக்கு. உக்காந்து எண்ணெய் டப்பா எண்ணலாம்."

மச்சானிடம் போய் எண்ணெய் டப்பா எண்ணுவதற்கு, அந்த எண்ணெயையே குடித்துவிடலாம் என்று டாக்டருக்குத் தோன்றியது.

பார்த்தால், முந்தாநாள் வரை பாறை மாதிரி நின்ற டிரில்லிங் மெஷின் இன்று காலையிலிருந்து ஆடுகிறது. தூணின் உச்சியில் மோட்டாரைச் சுமந்து நிற்கும் அதன் தலை, எதைச் சொன்னாலும் 'சரி, சரி' என்று முன்னால் தலையாட்டியது. அந்த வீட்டில் அவர் பேச்சுக்குத் தலையாட்டிய ஒரே ஜீவன் அதுதான் என்றாலும், அவரால் மகிழ முடியவில்லை. வட்டமாக விழ வேண்டிய துளை முட்டையாக விழுந்தது.

முதலில் டிரில் பிட்டை மாற்றினார். முட்டை கொஞ்சம் பெரிதானது.

"பேரிங் தேய்ஞ்சிருக்கு," என்று தனக்குத்தானே அறிவித்துவிட்டு, தலையைத் திறந்து, பழைய பேரிங்கைத் தட்டிக் கழற்றி, புதியதைச் சுத்தியலால் அடித்து ஏற்றினார். இப்போது மெஷின் ஆடிக்கொண்டே அலறியது.

எதிர்க்கடை டெய்லர் ஊசியும் நூலுமாக வாசலில் வந்து நின்றார்.

"என்ன டாக்டர், பிரசவமா?"

"உமக்கு வேலை இல்லையா?"

"எங்கய்யா தைக்கிறது? உம்ம ஆட்டத்துல நேர்த் தையல் போட்டா அலை அலையாப் போகுது. என் மெஷின் ஆடினா நான் கீழ அட்டையை மடிச்சு வைப்பேன். அவ்வளவுதான் வைத்தியம்."

டெய்லரிடம் யோசனை கேட்பதா என்று முறைத்த டாக்டர், அவர் போனதும் நான்கு மூலையிலும் அட்டையை மடித்து வைத்தார். அதுவரை நின்ற இடத்தில் ஆடிய மெஷின், மெல்ல நடக்கவும் ஆரம்பித்தது.

நடப்பதை நிறுத்த, கயிற்றை எடுத்து ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். சுவிட்சைப் போட்டார். ஜன்னலும் ஆடியது. ஒரு கண்ணாடி கழன்று தெருவில் விழுந்தது.

"அய்யோ! இங்க ஒருத்தருக்குச் சட்டை அளவு எடுத்துட்டிருக்கேன், ஆளைக் கொல்லப் பாக்குறீரே!" என்று எதிர்க்கடையிலிருந்து கத்தல்.

மனைவி டீயோடு வந்தாள். கயிறு, அட்டை, ஜன்னல் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாள்.

"ஏங்க, மெஷினுக்குப் பின்னால பாத்தீங்களா?"

மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழையலாம். அந்த ஆளுக்குத் தொப்பை இருக்கக் கூடாது. அதனால் அந்தப் பக்கத்தைப் பெருக்குவது, துடைப்பது எல்லாம் அவள்தான்.

"துளை முன்னால விழுதா, பின்னால விழுதா?" என்று மடக்கினார் டாக்டர்.

"முன்னாலதான். ஆனா நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"முன்னால விழுந்தா நோயும் முன்னாலதான் இருக்கும். தூணை அடித்தட்டோட பிடிக்கிற போல்ட்டுல முன்பக்கத்து ரெண்டையும் இறுக்கிட்டேன். இதுக்கு மேல இறுக்கினா இரும்பு அழுதுடும். நீ போய் அடுப்பைப் பாரு."

"டாக்டர் சொன்னா சரி," என்று அவள் போய்விட்டாள்.

கடைசி வைத்தியமாக, தலை மேல் அரை மூட்டை சிமெண்டைத் தூக்கி வைத்தார். கனம் இருந்தால் அடங்கும் என்பது கணக்கு. தலையாட்டிக்கொண்டிருந்த மெஷின், குனிந்து கும்பிடவே தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் ஹாரன் அடித்தது.

மச்சான் வந்ததும் வராததுமாக ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மாமா, இது துளையா? இல்ல, தகடு கொட்டாவி விடுதா?"

"அது வந்து மச்சான்... சாம்பிள்."

"எதுக்கு சாம்பிள்? எப்படிப் போடக் கூடாதுங்கறதுக்கா?" மச்சான் கயிற்றைப் பார்த்தார். சிமெண்ட் மூட்டையைப் பார்த்தார். "சரி விடுங்க. ஸ்டோர் சாவியைக் கையோட கொண்டாந்திருக்கேன்."

மச்சான் கூடத்துக்கு வந்தார். அங்கே, ஒரு மாதமாக மகள் வீட்டில் தங்கியிருக்கும் மாமியார் கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே நாற்காலி.

மச்சான் முதலில் கையால் அழுத்தினார். பிறகு ஓரமாக உட்கார்ந்தார். பிறகு முழுசாக. டாக்டர் கண்களை இறுக மூடிக்கொண்டார். சத்தமே இல்லை. திறந்து பார்த்தால், மச்சான் முன்னும் பின்னும் சாய்ந்து குலுக்கிக்கொண்டிருக்கிறார். நாற்காலி இம்மியும் அசையவில்லை.

"அடேயப்பா! இதுவா போன தடவை என்னைக் கவுத்தது? யாரு மாமா சரி பண்ணது?"

டாக்டருக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் சந்தேகத்தைக் காட்டிக்கொள்கிற நேரமா இது?

"இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?" என்றார்.

சமையலறை வாசலில் மனைவி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"பிரமாதம்! மெஷின்னா ஒரு நாள் மக்கர் பண்ணத்தான் செய்யும். வேலைக்காரன் கை தெரியணும்னா இதைப் பாக்கணும். என்னைத் தாங்குதுன்னா கேட்டைத் தாங்காதா? ஆர்டர் உங்களுக்குத்தான் மாமா!" என்று சாவியைப் பைக்குள் போட்டார் மச்சான்.

டாக்டரின் மார்பு விரிந்தது. வாய் அதைவிட விரிந்தது.

"எல்லாம் போல்ட்டுல இருக்கு மச்சான்! சரியான போல்ட்டை சரியான இடத்துல மாட்டணும். அதுக்குன்னு ஒரு ஞானம் வேணும்."

மாமியார் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு மகனைப் பார்த்தார்.

"அந்த ஞானத்துக்கு உங்க அக்காவைக் கும்பிடுடா. நேத்து அவ மட்டும் மாப்பிள்ளையோட மெஷினுக்குப் பின்னால போய் ரெண்டு போல்ட்டைக் கழட்டிக் கொண்டாந்து இதுல மாட்டலைன்னா, இன்னைக்கும் நீ தரையிலதான் கெடந்திருப்பே!"