வறண்டபுரத்துக்கு நூற்றுப்பத்துக் கையெழுத்து

அமெரிக்காக்காரனே கைவிட்ட ஒரு நாடகத்தை ஒதியம்பட்டு கைவிடாது என்று தணிகைவேல் முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சரியாக ஆறரை மணிக்கு. அந்த நேரத்தில் டிவியில் குதிரை வந்திருக்க வேண்டும். வந்தது குலாப் ஜாமூன். சமையல் போட்டியாம்.

தணிகைவேலுக்கு மூன்று ஏக்கர் கரும்பு, ஒரு போர்செட், ஜெயசுதா என்று ஒரு மனைவி. இவற்றில் போர்செட் மட்டும், கரண்ட் இருந்தால், அவர் சொன்னபடி கேட்கும்.

‘வறண்டபுரம்’ தமிழில் டப்பிங் செய்த வெளிநாட்டுத் தொடர். மழை பொய்த்த ஒரு ஊர். தண்ணீர் இருப்பது ஒரே கிணற்றில். அந்தக் கிணறு மார்த்தா என்ற விதவையுடையது. அதைப் பிடுங்கப் பார்க்கிறான் ஆயிரம் மாடு வைத்திருக்கும் பண்ணையார். நடுவில் ஷெரீப் என்று வயசான ஒரு போலீஸ்காரர். கதை இவ்வளவுதான். ஆனால் எழுதினவன் விவசாயம் தெரிந்தவன் என்பது தணிகைவேலின் கட்சி. பண்ணையார் கெட்டவன்தான். இருந்தாலும் அவன் மாடு ஒன்று தாகத்தில் சுருண்டு விழும்போது தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பான் பாருங்கள். ஷெரீப் ஒரு பாகத்தில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். யாராவது அதிர்ச்சியடைந்தால் அந்த மூஞ்சியை மூன்று தடவை காட்ட மாட்டார்கள். இடி இடிக்காது. கதவைச் சாத்தினால் ஒரு தடவைதான் சாத்தும்.

பதிமூன்றாம் பாகத்தில் ஐந்து குதிரைக்காரர்கள் மார்த்தாவின் வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். ஷெரீப் துப்பாக்கியைக் கழற்றிக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு அவர்களை நோக்கி நடந்தார். ‘தொடரும்’ என்று போட்டார்கள். தொடரவில்லை.

அரியாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்த மகள் கல்பனா போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். அமெரிக்காவிலேயே பார்க்க ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்களாம். பதினாலாவது பாகம் என்று ஒன்றை எடுக்கவே இல்லையாம்.

“அப்போ அந்த ஷெரீப்பு இன்னா ஆனாரு?”

“அது யாருக்குமே தெரியாதுப்பா.”

தணிகைவேல் எழுந்தார். டிவியின் ஒயரைப் பிடுங்கினார். ‘வறண்டபுரம்’ திரும்பி வருகிறவரை இந்த வீட்டில் டிவி ஓடாது என்று அறிவித்தார். அமெரிக்காக்காரனுக்கு ரசனை இல்லையென்றால் அது அவன் கஷ்டம், நமக்கு என்ன வந்தது என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஜெயசுதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தினமும் ஏழரை மணிக்கு அதே சேனலில் வரும் ‘நெஞ்சுக்குள் ஒரு மாமியார்’ அவளுக்கு உயிர். திங்கள் முதல் வெள்ளிவரை வரும். சண்டை வரும் என்று தணிகைவேல் இடுப்பில் கைவைத்துத் தயாராக நின்றார். அவள் சரிங்க என்றாள். அவ்வளவுதான். எதிரி இல்லாத போர்க்களத்தில் நின்றவர் மாதிரி அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

திங்கட்கிழமையிலிருந்து அவள் ஏழேகாலுக்கே எதிர்வீட்டு அந்தோணி மேரியிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தோணி மேரியின் புருஷன் யாகப்பன், ‘வறண்டபுர’த்தின் இன்னொரு ரசிகர், நாடகச் சத்தம் தாங்காமல் இந்தப் பக்கம் வந்தார். இரண்டு பேரும் கறுத்துக் கிடந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்ததையே பேசிப் பார்த்தார்கள். பசித்தது. காலையில் வைத்த ரசம் அடுப்பின்மேல் இருந்தது, அதை அவர்களே சுடவைத்துக் குடித்தார்கள். தியாகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்றார் தணிகைவேல்.

சும்மா உட்கார்ந்திருந்தால் ஆகாது, சேனலுக்கு மனு அனுப்ப வேண்டும் என்று யாகப்பன்தான் சொன்னார். தணிகைவேல் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். சேனல்காரர்கள் உடனே அமெரிக்கக் கம்பெனிக்குக் கடிதம் போட்டு பதினாலாம் பாகத்தை எடுக்கச் சொல்ல வேண்டும் என்பது சாரம். டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் அலைந்ததில் ஒன்பது கையெழுத்து கிடைத்தது. அதில் நாலு பேர், வாய்க்கால் தூர்வாருவதற்கு என்று நினைத்துப் போட்டவர்கள்.

அன்றைக்கு ஜெயசுதா சோறு போட்டபடியே சொன்னாள், “எங்க மகளிர் குழுவுல நூறு பேரு கையெழுத்து நான் வாங்கித் தரேங்க. ஆனா உங்க எழுத்து அவங்களுக்குப் புரியாது. நான் நகலெடுத்துடறேன்.”

தணிகைவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. குழுவில் தீர்மானம் எழுதுகிறவள் அவள்தான், எழுத்து முத்து முத்தாக இருக்கும். மறுநாள் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்கு முழுசாகப் படித்துக் காட்டினாள். ‘தாகத்தால் துடிக்கும் மாடுகளின் பெயரால்’ என்ற இடம் வந்தபோது இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், ரசிகர்கள் சார்பாக முதல் கையெழுத்தைப் போட்டார். டீக்கடை ஒன்பது பழைய தாளோடு நின்றது; புதுத் தாளில் அவருக்குக் கீழே பெண்கள் போட்டே ஒரே வாரத்தில் நூற்றுப்பத்துக் கையெழுத்து சேர்ந்தது. கவரை ஒட்டி வில்லியனூர் போஸ்ட் ஆபீசில் அவளே ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள்.

பத்து நாளில் சேனலிலிருந்து போன் வந்தது. கோரிக்கையை ஏற்றுக்கொண்டோம், ரசிகர்களின் தலைவரைப் படம்பிடிக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றார்கள். தணிகைவேல் தெருவெல்லாம் நடந்து போய்ச் சொன்னார். அமெரிக்கா ஒதியம்பட்டுக்குப் பணிந்துவிட்டது என்றே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். வேன் வந்தது. இறங்கிய பெண் கும்பிட்டுவிட்டு மைக்கை நீட்டினாள்.

“சார், ‘நெஞ்சுக்குள் ஒரு மாமியார்’ நாடகத்தைச் சனிக்கிழமையும் ஒளிபரப்பணும்னு மனு கொடுத்த ஆம்பளை நீங்க ஒருத்தர்தான். அந்த நாடகத்துல உங்களுக்குப் பிடிச்சது எது?”

தணிகைவேல் திரும்பி மனைவியைப் பார்த்தார். குழுப் பெண்கள் நடுவில் அவள் முந்தானையைச் சரிசெய்தபடி கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறொருவராக இருந்தால் வீட்டுக்குள் ஓடியிருப்பார். தணிகைவேல் ஓடவில்லை. மைக் கைக்கு வந்த பிறகு அது யார் கொடுத்த மைக்காக இருந்தால் என்ன. ‘வறண்டபுர’த்தைப் பற்றி முழுசாக இருபது நிமிஷம் பேசினார். செத்த மாட்டைப் பற்றிப் பேசினார். பேசாத ஷெரீப்பைப் பற்றி நிறையப் பேசினார். கடைசியில் மார்த்தாவிடம் வந்தபோது குரல் உடைந்து, “அந்தப் பொம்பள ஒரு வார்த்தை பேசாம நின்னே ஜெயிக்கிறா. இத நிறுத்துனா ஒதியம்பட்டு சும்மா வுடாது” என்று முடித்தார். குழுப் பெண்கள்கூட கைதட்டினார்கள். யாகப்பன் மூக்கைச் சிந்தினார்.

அது டிவியில் வருகிற அன்று ஒயரைச் சொருகியவர் தணிகைவேலேதான். ஊரே அவரைப் பார்க்கும்போது அவர் மட்டும் பார்க்காமல் எப்படி இருப்பது? இருபது நிமிஷத்தில் கடைசி இரண்டு வாக்கியத்தை மட்டும் போட்டார்கள். ‘அந்தப் பொம்பள’ என்று அவர் சொன்ன இடத்தில் நாடகத்து மருமகள் கண்ணீரோடு நின்றாள். அவள் மூஞ்சியை மூன்று தடவை காட்டினார்கள். இடி இடித்தது. இனிமேல் சனிக்கிழமை ஆறரை மணிக்கும் மாமியார் வருவார் என்ற அறிவிப்பும் வந்தது.

“இன்னாடி இது? நீ படிச்சது ஒண்ணு, கையெழுத்து வாங்குனது ஒண்ணா?”

“வூட்டு டிவிய அமத்துனீங்களே, என்ன ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவர் விடுவதாக இல்லை. இவ்வளவு பெரிய தந்திரம் அவளுக்குச் சொந்தமாக வராது, யார் சொல்லிக்கொடுத்தது, அந்தோணி மேரியா என்று குடைந்தார்.

“ஒன்பதாம் பாகம் நெனப்பிருக்கா?” என்றாள் ஜெயசுதா. “மார்த்தா பண்ணையாருக்கு ஒண்ணப் படிச்சுக் காட்டிட்டு, வேற பத்திரத்துல கையெழுத்து வாங்குவா. நீங்ககூட எழுந்து நின்னு கைதட்டினீங்க.”

தணிகைவேல் உட்கார்ந்துவிட்டார். பதிமூன்று வாரமும் இவள் அடுக்களை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள்.

ஜெயசுதா டிவி சத்தத்தை நாலு புள்ளி கூட்டி வைத்துவிட்டுச் சொன்னாள், “எவ்ளோ நல்லா எழுதியிருந்தாங்க. அத நிறுத்தியிருக்கவே கூடாதுங்க.”