மேசை தானாகவே நகர்ந்தது

அநியாயம் நடந்தது என் தங்கைக்கு. செய்தவர் எங்கள் அப்பா. கல்லூரி விண்ணப்பத்துக்காக அவள் எழுதிய கட்டுரையை அவளைக் கேட்காமலே திருத்தினார். இதை நான் எந்தச் சபையில் வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார்.

தங்கை பன்னிரண்டாம் வகுப்பு. இயந்திரவியல் படிக்க ஒரே ஒரு கல்லூரிமேல்தான் அவளுக்குக் கண். அங்கே மார்க் மட்டும் போதாதாம், ஒரு கட்டுரையும் வேண்டுமாம். 'நீங்கள் தோற்றுப்போன ஒரு சம்பவத்தை எழுதுங்கள்.' வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

அவளிடம் அருமையான தோல்வி ஒன்று கைவசம் இருந்தது. அம்மா முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். அந்தத் தையல் மிஷினில் இவள் மிக்ஸி மோட்டாரை மாட்டினாள். மிஷின் ஓடியது. மேசையும் கூடவே ஓடியது. இரண்டும் வாசலில் முட்டி நின்றபோது, ஒரு கஸ்டமரின் கவுனுக்குக் கழுத்தே இல்லை. மூடித் தைத்திருந்தது.

இதையே அவள் கட்டுரையாக எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைப் படித்தார். பஸ் டிப்போவில் பயணிகளின் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. இருபது வருஷமாக ஒரே பதில்தான்: 'எங்கள் தரப்பில் தவறு ஏதும் இல்லை.' பஸ் மரத்தில் மோதினாலும் குற்றவாளி மரம்தான்.

"தோத்துட்டேன்னு எழுத்துல குடுக்கறதா? கீழ கையெழுத்து வேறயா?"

"அப்பா, கேள்வியே அதுதான்!" என்றேன் நான்.

"கேக்கறவன் கேப்பான். நாமதான் மாட்டிக்காம பதில் சொல்லணும்."

அவர் திருத்தியது இப்படி வந்தது: 'எனக்கு இதுநாள்வரை தோல்வி எதுவும் ஏற்படவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேசை தானாகவே நகர்ந்தது.'

எனக்கு ரத்தம் கொதித்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷமாகச் சும்மாவா படிக்கிறேன்? உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். எது தோல்வி என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை யார் கொடுத்தது என்று கல்லூரியையே கேட்டேன்.

தங்கை படித்தாள். "அக்கா, இதுல மிஷின் எங்க?"

"இந்தச் சமுதாயமே ஒரு மிஷின்தாண்டி!"

அவள் எழுந்து முன்னறைக்கு, அம்மாவிடம் போனாள். பாவம், நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்புறம் போர். நான் சேர்த்ததை அப்பா அடித்தார். அப்பா சேர்த்ததை நான் அடித்தேன். கம்ப்யூட்டரில் 'கட்டுரை', 'கட்டுரை கடைசி', 'கடைசிக்குக் கடைசி', 'இதைத் தொடாதே' என்று வரிசையாகக் குவிந்தன. புதன்கிழமை நான் அப்பாவின் வரிகளை என்னுடையவை என்று நினைத்து ஆதரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அப்பா, "சமுதாயம் தானாகவே நகர்ந்தது" என்று வாய்விட்டுப் படித்து, "நல்லாத்தானே இருக்கு? யார் எழுதினது?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

இடையிடையே இரண்டு பேரும் அம்மாவிடம் நியாயம் கேட்டு ஓடுவோம். வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி அவள் எப்போதும் ஒரே தீர்ப்புதான் சொல்வாள்: "ம்ம். இன்னும் கொஞ்சம் வெட்டுங்க."

வெள்ளிக்கிழமை. மணி நாலு ஐம்பது. எது கடைசி என்று இருவருக்குமே நிச்சயமில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றை அனுப்பினார். திரையில் பதில் வந்தது: 'உங்கள் விண்ணப்பம் திங்கட்கிழமையே கிடைத்துவிட்டது. ஒருவர் ஒருமுறைதான் விண்ணப்பிக்கலாம்.'

"நீ அனுப்பிட்டியா?" என்று அப்பா என்மேல் பாய்ந்தார்.

"நீங்கதானே அனுப்பியிருப்பீங்க!"

"நான்தான் அனுப்பினேன்," என்றாள் தங்கை. "நான் எழுதினதை. அம்மாதான் அனுப்பிடச் சொன்னாங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக நானும் அப்பாவும் ஒரே கட்சியானோம். முன்னறைக்குப் போய் அம்மாவின் முன்னால் நின்றோம்.

"அஞ்சு நாளா மண்டைய உடைச்சிட்டிருக்கோம். ஒரு வார்த்தை சொல்லலையே நீ! இதுக்குப் பதில் சொல்லு!" என்றார் அப்பா.

அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டாள்.

"தொட்டதுக்கெல்லாம் குறை சொல்ற கஸ்டமர் வந்தா, பழைய பெட்ஷீட்ல ஒண்ணு தைச்சுக் கையில குடுத்துருவேன். 'எங்கெங்க பிடிக்கலையோ வெட்டுங்க'ன்னு கத்தரிக்கோலையும் குடுத்துட்டு, நல்ல துணிய உள்ள வெச்சு நிம்மதியா தைப்பேன். நீங்க ரெண்டு பேரும் அஞ்சு நாளா வெட்டினது பெட்ஷீட்டு."