ஒன்பது 'பி'யில நான் அமெரிக்கப் போர் மூட்டுன கதை

புதன்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதானுங்க. ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு அமெரிக்க சுதந்திரப் போர் பாடம் நடத்தோணும்.

அதைப் பாக்க எங்க ஸ்கூல் தாளாளர் வர்றதா இருந்துச்சு. அவருக்குப் பிடிச்சுதுன்னா, மூணு வருசமா தற்காலிகமா இழுத்துட்டு இருக்கற என் வேலை பர்மனெண்ட் ஆகும். பிடிக்கலீன்னா இன்னொரு வருசம் இதே பொழப்பு.

புஸ்தகத்தைப் பாத்துப் படிச்சுட்டு வந்திருந்தாப் பத்தாதுங்களா? என் கிரகம்! ஒரு பயிற்சி வகுப்புல சொன்னது மண்டையில உக்காந்துபோச்சு. "நடந்ததை மட்டும் சொல்லாதீங்க. போர் வேற மாதிரி முடிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு பசங்கள யோசிக்க வெய்யுங்க"ன்னாங்க.

சரின்னு திட்டம் போட்டேன். பசங்க மொதல்ல போரை நடிச்சுக் காட்டுவாங்க. தாளாளர் வர்ற நேரத்துக்கு நான் சார்ட்டை விரிச்சுருவேன். 'இங்கிலாந்து ஜெயிச்சிருந்தா', 'பிரான்ஸ் உதவிக்கு வராம இருந்திருந்தா', 'போர் பாதியில நின்னிருந்தா'ன்னு மூணு சார்ட். ராத்திரியெல்லாம் ஸ்கெட்ச் பேனாவுல எழுதுனது.

போரே ஆரம்பிக்காட்டி என்ன பண்றதுன்னு நாலாவது சார்ட் எழுதல. அந்தளவுக்கு எனக்கு அறிவில்லீங்க.

இடது பக்க பெஞ்சு இங்கிலாந்து, வலது பக்கம் அமெரிக்கா. கவின்தான் இங்கிலாந்து ராஜா. தரணி அமெரிக்கத் தலைவி. "ராஜா டீத்தூளுக்கு வரி போட்டுட்டாரு. அமெரிக்காக்காரங்களுக்குக் கோவம் வருது. ம்ம்ம், ஆரம்பிங்க!"ன்னேன்.

தரணி எந்திரிச்சா. "ஏனுங்க ராஜா, வரி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்க. பாத்துக் கொறைச்சுக்கங்க."

கவின் சொல்றான், "அப்படிங்களா? நீங்க சொல்லவே இல்லீங்களே! கொறைச்சுக்கலாமுங்க. ஏன் நின்னுட்டே பேசறீங்க, உக்காருங்க."

முடிஞ்சுபோச்சுங்க. அமெரிக்க சுதந்திரப் போர் ரெண்டே நிமிசத்துல முடிஞ்சுபோச்சு!

"டேய் கவினு, ராஜா கொறைக்க மாட்டாருடா!"

"எதுக்குங்க மிஸ், இத்தனை டீ வாங்கற கஸ்டமரை முறிச்சுக்கறது?"

அவங்கப்பா மோட்டார் பம்பு கடை வெச்சிருக்காரு. வேற எப்படிப் பேசுவான்!

நான் அமெரிக்கா பக்கம் திரும்புனேன். "அவரு கெடக்கறாரு. நீங்க கப்பல்ல ஏறி டீத்தூள் பொட்டியெல்லாம் கடல்ல கொட்டுங்க. நெசமாவே கொட்டுனாங்க!"

கடைசி பெஞ்சு பிரபு பதறிப்போய்ட்டான். "அய்யோ, சரக்குங்க மிஸ்! மேட்டுப்பாளையத்துல எங்கப்பா மண்டியில ஒரு மூட்டை நனைஞ்சாலே ஊட்ல மூணு நாளைக்கு யாரும் வாயைத் தொறக்க முடியாதுங்க. முழு லோடையும் கொட்டச் சொல்றீங்களே!"

"சரி, பார்லிமெண்ட்ல எங்களுக்கும் எடம் வேணும்னு கேளுங்க!"

தரணி கேட்டா. கவின் உடனே, "தாராளமா வாங்க. ரூம் எதுக்குங்க, எங்க அரண்மனையிலயே தங்கிக்கலாம்"ங்கறான்.

இவன வெச்சுட்டு நான் எங்கிருந்துங்க புரட்சி பண்றது?

மணி பாத்தா கால் மணி நேரம் ஓடிப்போச்சு. எனக்கு வேர்க்க ஆரம்பிச்சுது. வெக்கத்தை விட்டுச் சொல்றனுங்க, நான் கோள் மூட்ட ஆரம்பிச்சேன். ராஜா காதுகிட்டப் போய், "கண்ணு, தரணி உன்னைப் பத்தி என்ன பேசுனா தெரியுமா?"ன்னேன்.

"பரவால்லீங்க மிஸ். சின்னப் புள்ளைங்க"ன்னுட்டான். அவளுக்கும் அவனுக்கும் ஒரே வயசு!

வேற வழியில்லாம, "சரி, அமெரிக்கா டீம் வெளிய போங்க. தூதரு மாதிரி உள்ள வந்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுங்க"ன்னேன். சமாதானத்தையாவது ஒழுங்காக் காட்டலாம்னு நெனப்பு.

தரணி அவ ஆளுங்களோட வெளிய போய், நெஞ்சை நிமித்திட்டு உள்ள வந்தா. கவின் குனிஞ்சு ஒப்பந்தம் எழுதிட்டு இருந்தான். தலையத் தூக்கல.

தரணி நின்னா. நின்னுட்டே இருந்தா. மொகம் மாறிப்போச்சு.

"ஏனுங்க, வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"எழுதிட்டு இருந்தேனுங்க, கவனிக்கல."

"கடல் தாண்டி வந்திருக்கறோமுங்க! உங்களுக்குத் தலையத் தூக்க முடியலீங்களா? நீங்க வரியும் கொறைக்க வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. எங்க பக்கம் அண்ணந்தம்பி பத்து வருசம் பேசாம இருப்பாங்க. சொத்துத் தகராறான்னு கேட்டா, அதெல்லாம் இல்லீங்க, கல்யாண மண்டபத்துல வாங்கன்னு கேக்கலைம்பாங்க.

வலது பக்கம் மொத்தமும் எந்திரிச்சுருச்சு. "ராஜான்னா என்ன வேணாப் பண்ணுவீங்களா? எங்களுக்கு மரியாதைதானுங்க முக்கியம்!" இடது பக்கம் சும்மா இருக்குமா? "பேச்சை அளந்து பேசுங்க!" சாக்பீஸ் பறந்துச்சு. டஸ்டர் பறந்துச்சு. "இந்தாங்க, வாங்கிக்கங்க!"ன்னு மரியாதையாச் சொல்லித்தான் எறிஞ்சாங்க.

எனக்கு வந்த சந்தோசம் இருக்குதே! நாற்காலி மேல ஏறி நின்னு, "அப்படித்தான் சாமி! விடாதீங்க! போடுங்க!"ன்னு கத்துனேன்.

திடீர்னு கப்சிப்.

வாசல்ல தாளாளர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோள்ல சாக்பீஸ் பொடி.

"என்னங்கம்மா நடக்குது?"

"போருங்க ஐயா"ன்னேன், நாற்காலி மேல இருந்தே.

அவரே கடைசி பெஞ்சை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு.

எறங்கிச் சார்ட்டை எடுத்தா, மூணையும் அமெரிக்கப் படை மிதிச்சுக் கிழிச்சு வெச்சிருக்குது. தைரியமா வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "ராஜா அன்னிக்கு இவங்கள மதிச்சு நடத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அமெரிக்காவும் கிரிக்கெட் ஆடியிருக்குமுங்க!"

"போர்ல செத்தவங்கெல்லாம் ஊடு திரும்பியிருப்பாங்க மிஸ்."

"லண்டன் மாப்பிள்ளை, அமெரிக்கா மாப்பிள்ளைன்னு எங்க பெரியப்பா தனித்தனியாத் தேட வேண்டியிருந்திருக்காதுங்க!"

பிரபு யோசிச்சு, "அமெரிக்காக்காரங்களப் பாத்துத்தானுங்களே பிரான்ஸ்லயும் தைரியம் வந்துச்சு? அங்கயும் புரட்சி தள்ளிப் போயிருக்குமுங்களா?"ன்னான். எனக்குப் புல்லரிச்சுபோச்சு. தாளாளர் தலையாட்டறதை என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

மணி அடிச்சுது. ரூமுக்குக் கூப்புட்டாரு. பறந்துட்டுத்தான் போனேன்.

"பாடம் நல்லா இருந்துச்சுங்கம்மா. பசங்க நல்லா யோசிக்கறாங்க."

"நன்றிங்க ஐயா!"

"ஆனா அஞ்சு நிமிசம் வாசல்ல நின்னேனுங்க." என் ஃபைலைத் தொறந்தாரு. "பசங்கள விடுங்க, சின்னவங்க. நீங்களாச்சும் வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"



"பர்மனெண்ட் விசயம் அடுத்த வருசம் பாக்கலாமுங்க"ன்னு ஃபைலை மூடிட்டாரு.

இப்பெல்லாம் ஃபேன் காத்துக்கு கிளாஸ் கதவு ஆடுனாக் கூட, எந்திரிச்சு நின்னு "வாங்க"ன்னு சொல்லிப்போடறேனுங்க.