ஆறாவது ஏன்

அன்பும் பண்பும் சொந்தமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையும் உள்ள கொழுந்தனாருக்கு அண்ணி எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் என்று நேற்றுச் சாயங்காலம் தங்கச்சியே போனில் சொல்லிவிட்டதால் அதைத் தனியாக விசாரிக்கவில்லை. நானும் அவளும் வாரம் தவறாமல் பேசிக்கொள்வது உங்களுக்கும் உங்கள் அண்ணனுக்கும் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீங்களும் தெரியாத மாதிரியே இருந்துவிடுங்கள். அதுதான் குடும்பத்துக்கு நல்லது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நானாகவா எழுதுகிறேன்? கம்பெனி எழுதச் சொல்லியிருக்கிறது. இதற்கு நம்பர்கூட உண்டு. சிவப்புச் சீட்டு நம்பர் பதினேழு, கடைசிக் கட்டம், 'குறையைச் சரிசெய்ய எடுத்த நடவடிக்கை'. அந்தக் குறை நீங்கள்தான். போனில் பேசினால் சாட்சி இல்லையாம், எழுத்தில் இருந்தால்தான் ஃபைலில் வைக்க முடியுமாம். ஆகவே இதன் நகல் கம்பெனிக்கும் போகிறது. உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் நான் திரும்பச் சொன்னால் அது அந்த ஃபைலைப் படிக்கப்போகிற புண்ணியவான்களுக்காக என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் நாற்காலிக் கம்பெனியில் கால் வெட்டுகிறார். நான் அதே கம்பெனியில் கடைசி ஆள். முடிந்து வருகிற ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்ப்பது என் வேலை. ஆடினால் திருப்பி அனுப்புவேன், ஆடாவிட்டால் அடியில் முத்திரை குத்துவேன். பதினாலு வருஷமாக உட்கார்ந்தே சாப்பிடுகிறவள் என்று நீங்கள்கூடக் கேலி பண்ணுவீர்களே, அதுவேதான். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் முதலாளிக்கு ஒரு தரச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதற்காக ஒரு அதிகாரியை வரவழைத்தார். ஒல்லியான மனுஷர், நடக்கும்போதே எழுதுவார், நின்றால் அளப்பார். 'குறை வந்தா யாரையும் திட்டாதீங்க. ஏன்னு கேளுங்க. பதில் வந்தா அதுக்கும் ஏன்னு கேளுங்க. அஞ்சு ஏன் கேட்டா ஆணிவேர் கையில வந்துடும்' என்பது அவருடைய வேதம். உங்கள் மூத்த மகள் நாலு வயசில் இதைத்தான் செய்தாள், அவளுக்கு முதுகில் ரெண்டு கிடைத்தது. இவருக்குச் சம்பளம் கிடைக்கிறது. நான் அவருக்கு 'ஏன் சார்' என்று பேர் வைத்தேன், ஒரே வாரத்தில் முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஏன் சார் வந்ததும் தரை முழுக்க மஞ்சள் கோடு. குப்பைக்கூடைக்கு ஒரு கட்டம், துடைப்பத்துக்கு ஒரு கட்டம், மணல் வாளிக்கு ஒரு கட்டம். கட்டத்துக்கு வெளியே இருக்கிற எதன் மேலும் 'இடம் மாறிய பொருள்' என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுவார்கள். எங்கள் மேஸ்திரி டீக் கோப்பையோடு கட்டம் தாண்டி நின்றார் என்று அவர் முதுகிலேயே ஒன்றை ஒட்டிவிட்டேன். மனுஷர் அதோடு பஸ் ஏறி வீடு வரைக்கும் போயிருக்கிறார். அவர் வீட்டம்மா படித்துப் பார்த்துவிட்டு, 'இதை நான் கல்யாணம் ஆன அன்னிக்கே சொல்லியிருப்பேனே' என்றாளாம்.

அப்புறம் என் நடையை எண்ணத் தொடங்கினார். ஒரு நாள் பூராவும் என் பின்னாலேயே வந்தார், ஏதோ பெண் பார்க்க வந்தவர் மாதிரி. கடைசியில், 'ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு அடி வீணா நடக்கறீங்கம்மா' என்றார். 'சார், அந்த நடையும் இல்லேன்னா நான் நாற்காலிக்குள்ள அடங்க மாட்டேன், பரவாயில்லையா?' என்று கேட்டேன். சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார். மறுநாள் என் இடம் மாறிவிட்டது. உள்ளே இருந்த என்னைக் கொண்டுவந்து வாசல் ஓரத்தில், இருபது வருஷமாகப் பெரிய தண்ணீர் டிரம் நின்ற இடத்தில் வைத்தார்கள். அங்கே ஒரு மஞ்சள் கட்டம், கட்டத்துக்குள் நாலு காலுக்கும் நாலு புள்ளி. நாற்காலியை அந்தப் புள்ளியில் வைத்துத்தான் உட்காரவேண்டும், வேறு எங்கேயும் போட்டுப் பார்க்கக் கூடாது என்று விதி.

விதி என்றால் விதிதான். அன்றைக்கே நாற்காலி ஆடியது. அடுத்ததும் ஆடியது. நான் உட்கார்ந்தால் தாலாட்டு, எழுந்தால் தடக். ரெண்டு நாளில் நாற்பத்தாறு நாற்காலி. எல்லாவற்றிலும் இடது பின்னங்கால்தான். என் எடையைப் பற்றி மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னார், அதற்கு நான் நாலு வார்த்தை சொன்னேன், அது ஃபைலுக்கு வேண்டாம். குறை கண்டால் எழுதுகிற சிவப்புச் சீட்டு, நம்பர் பதினேழு, எழுதியாகிவிட்டது. சான்றிதழ் கொடுக்கிறவர்கள் இருபதாம் தேதி வருகிறார்கள், அன்றைக்கு ஒரு சிவப்புச் சீட்டாவது முடியாமல் கிடந்தால் சான்றிதழ் கிடையாது. முதலாளிக்கு வேர்த்துவிட்டது. எங்களை எல்லாம் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஏன் சார் பேனாவைத் திறந்தார்.

'நாற்காலி ஏன் ஆடுது?'

'பின்னங்கால் குட்டை சார்' என்றார் மேஸ்திரி.

'ஏன் குட்டை?'

'வெட்டுன இடத்துல குட்டையா வெட்டியிருப்பாங்க.'

எல்லாரும் உங்கள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குணம் உங்களுக்குத் தெரியும். ஜன்னல் திரை சரியாக வராததற்கு 'உன் அளவு தப்பு' என்று சொன்ன ஒரு துணிக்கடைக்காரரை, அந்தத் திரையைக் கழற்றிக் கொண்டுபோய் அவர் மேசை மேலேயே விரித்து அளக்கவைத்த ஆள். அறையில் கண்ணாடி உடையப்போகிறது என்று நான் அவர் சட்டையைப் பிடிக்கத் தயாராக இருந்தேன்.

'வெட்டியிருப்பேன்' என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. ஆடாத நாற்காலியில் இருந்து நான் விழப் பார்த்தேன்.

'ஏன் குட்டையா வெட்டினீங்க?'

'கை நிதானத்துல இல்ல.'

'கை ஏன் நிதானத்துல இல்ல?'

'தூக்கமில்ல.'

'சார், நம்பாதீங்க' என்றேன் நான். 'பக்கத்து வீட்டுக்காரங்க எழுந்து விளக்கு போடற அளவுக்குக் குறட்டை. நான் சாட்சி.'

'குறட்டை வேற, தூக்கம் வேற' என்றார் உங்கள் அண்ணன், என்னைப் பார்க்காமல்.

'ஏன் தூக்கமில்ல?'

இது அஞ்சாவது. அவர் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துத் திரும்பச் சொருகினார். அப்புறம், 'தம்பி பேசறதில்ல சார்' என்றார்.

ஏன் சாருடைய பேனா நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மேஸ்திரிதான் சுதாரித்துக்கொண்டு, 'தம்பி நம்ம கம்பெனி ஆள் இல்லியே சார், எப்படி எழுதறது?' என்று கேட்டார். ஏன் சார் யோசித்துவிட்டு, 'வெளியிலிருந்து சரக்கு தர்றவர்னு போட்டுக்கலாம்' என்றார். ஆகவே கொழுந்தனாரே, எங்கள் கம்பெனிப் பட்டியலில் பலகை தருகிறவர், பசை தருகிறவர், ஆணி தருகிறவர், அதற்கு அடுத்தபடி நீங்கள். ஒரு குறைதான் தந்திருக்கிறீர்கள், அதுவும் பதினாலு மாதமாக. பொறுப்பு என்ற இடத்தில் என் பேரைப் போட்டு இருபதாம் தேதிக்குள் முடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோனபோது உங்கள் அண்ணன் எட்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சாப்பாட்டு மேசை ஒன்று செய்தார். வேனில் ஏற்றும்போது டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை, பின்னால் மேசையோடு உட்கார்ந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டே வந்தார், குழந்தையைக் கூட்டிவருகிறவர் மாதிரி. உங்கள் வீட்டில் போட்டதும் அது ஆடியது. வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் சுவரில் இருந்த காலண்டரில் மார்ச் மாதத்தைக் கிழித்து நாலாக மடித்துக் காலுக்கு அடியில் சொருகிவிட்டு, 'அண்ணன் வெட்டுனதுல குறைஞ்சதை மார்ச் மாசம் ஈடுகட்டிடுச்சு!' என்றீர்கள். வீடே சிரித்தது. அவர் பாதிச் சாப்பாட்டில் கைகழுவிவிட்டு வெளியே போய் நின்றார். அன்றைக்கு நின்ற பேச்சுத்தான்.

ஆனால் எல்லாரையும்விடப் பெரிசாகச் சிரித்தது நான். அது போதாதென்று இந்தப் பதினாலு மாதமும் வீட்டில் அவருக்கு மார்ச் என்றுதான் பேர். 'மார்ச், டீ வேணுமா?' 'மார்ச், குடையை எடுத்துக்கிட்டீங்களா?' அவரும் குடையை எடுத்துக்கொண்டு போவார். கோபம் என்றால் கத்துவார் என்று இருந்தேன், கத்தவில்லையே, மறந்திருப்பார் என்று இருந்தேன். இதைக் கண்ணாடி அறையில் நான் சொல்லவில்லை. சீட்டில் அதற்கு மேல் கட்டம் இல்லை.

ஆகவே ரெண்டு வரி எழுதி அனுப்புங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், படிவத்தில் அதற்கும் இடமில்லை. 'அண்ணா, எப்படி இருக்கே?' என்று இருந்தால் போதும், மேஸ்திரி முத்திரை வைத்துவிடுவார். கண்ணாடி போட்டுவிட்டு ஊரார் கண்ணையெல்லாம் சரிபண்ணுகிறவர் நீங்கள். கூடப் பிறந்தவர் முகம் தெரியவில்லை என்றால் கடைக்குத்தான் கெட்ட பேர்.

பிள்ளைகள் ரெண்டும் நன்றாகப் படித்து, உங்களைப் போல வாய்த்துடுக்கும் என்னைப் போல உடம்பும் வராமல் வளரட்டும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள், நான் கேட்டது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தாலும். உங்கள் கை கால் எல்லாம் ஒரே அளவாக, ஆடாமல், நூறு வருஷம் நல்லபடி இருக்க வேண்டுகிற,

உங்கள் அண்ணி
(பொறுப்பு, சீட்டு நம்பர் பதினேழு)

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் இனி வேண்டாம். இன்று காலை நகல் எடுக்க இதைக் கையோடு கொண்டுபோனேன். பெருக்குகிற அம்மா வாசலைக் கழுவிவிட்டிருந்தாள். தரையெல்லாம் காய்ந்துவிட்டது, என் மஞ்சள் கட்டத்தில் மட்டும், இடது பின்னங்கால் புள்ளியில், உள்ளங்கை அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. இருபது வருஷமாக டிரம் அழுத்தின பள்ளம். உங்கள் அண்ணன் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார், குமிழி ஒரு பக்கமாக ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தாறு நாற்காலியையும் என் பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் ஆடவில்லை. சீட்டைக் கோடு போட்டு அடித்துவிட்டார்கள், பட்டியலில் இருந்து உங்கள் பேரும் போயிற்று. என்னை ஏன் இடம் மாற்றினோம் என்று ஏன் சார் இப்போது தன்னைத்தானே அஞ்சு தடவை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் மத்தியானம் உங்கள் அண்ணனிடம் போனேன். 'நீங்க குட்டையா வெட்டவே இல்லையே?' என்றேன். 'அன்னிக்கே அளந்து பார்த்துட்டேன். முடி அளவு பிசகில்ல' என்றார். 'பின்ன ஏன் ஒத்துக்கிட்டீங்க?' கொழுந்தனாரே, இது ஆறாவது, வேதத்தில் இல்லாதது. அவர் மரத்தூளை ஊதிவிட்டு, 'இந்தப் பதினாலு மாசத்துல என்னை ஏன்னு கேட்ட ஆள் அந்த சார் ஒருத்தர்தானே' என்றார். அதற்கப்புறம் நான் அவரை மார்ச் என்று கூப்பிடவில்லை.

எழுதிய கடிதம் வீணாகக் கூடாது என்று அனுப்புகிறேன். பதில் எழுதவேண்டாம். மேசைக்கு அடியில் இருக்கிற மார்ச் மாதத்தை உருவிவிட்டு, மேசையை ரெண்டடி தள்ளிப் போட்டுப் பாருங்கள். ஆடாவிட்டால் அண்ணனுக்குப் போன் செய்யுங்கள். அப்படியும் ஆடினால், மேசையைத் தூக்கிக்கொண்டு நேரில் வாருங்கள். அவர் ரசமட்டத்தைத் துடைத்து வாசலிலேயே வைத்திருக்கிறார்.